250 ரூபாய்க்கு நல்ல ஃபேமிலி டாக்டர், மடிப்பாக்கம்
எங்க வீட்ல எல்லாரும் போற கிளினிக் இது, ஃபீஸ் 250, பிபி பாக்குறதும் அதுலயே அடங்கும், ஒரு வாரத்துக்குள்ள திரும்பப் போனா காசு வாங்க மாட்டாங்க. இதுவே ஒரு காய்ச்சலுக்குப் பெரிய ஆஸ்பத்திரி போனா கன்சல்டேஷன் 700, ரெஜிஸ்ட்ரேஷன் தனி, ஏன்னா அங்க ஸ்பெஷலிஸ்ட், ஏசி, ரிசப்ஷன், பில்டிங் செலவு எல்லாம் நம்ம பில்லுலதான் வந்து விழும், இங்க ஒரு எம்பிபிஎஸ் டாக்டர், ஒரு நர்ஸ் அவ்ளோதான். அம்மா ப்ளட் டெஸ்ட் எடுக்கணுமானு கேட்டதுக்கு "ரெண்டு நாள் பாப்போம்மா, காய்ச்சல் விடலேன்னா எடுத்துக்கலாம்"னாரு, அந்த நேர்மைக்காகவே போகலாம். சீட்டுல ஜெனரிக் பேரு, அதாவது பிராண்ட் பேரு இல்லாம மருந்தோட பொதுப் பேரு எழுதித் தராரு, மக்கள் மருந்தகத்துல (மத்திய அரசோட மலிவு விலை மருந்துக் கடை) வாங்கினா பாதி விலைகூட ஆகல. ஊசின்னா 50 தனி, முன்னாடியே சொல்லிடுவாங்க. சாயங்காலம் செம கூட்டம், சீக்கிரமே போய் டோக்கன் போட்டுருங்க, ஞாயித்துக்கிழமை லீவு.