ஒரே ஒப்பந்தம், இரண்டு பெயர்கள்: சியாட்டிலின் ஃபாக்ஸ் 13, சார்லட்டின் குயின் சிட்டி நியூஸ்

2020 மார்ச் 2 அன்று அமெரிக்காவில் இரண்டு நிறுவனங்கள் டிவி நிலையங்களைக் கைமாற்றிக்கொண்டன. சியாட்டிலில் இரண்டு, மில்வாக்கியில் ஒன்று என மூன்று நிலையங்களை ஃபாக்ஸ் சுமார் 350 மில்லியன் டாலருக்கு நெக்ஸ்டாரிடம் இருந்து வாங்கியது. அதே ஏற்பாட்டில், வட கரோலினாவின் சார்லட் நகரில் தன்னிடம் இருந்த இரண்டு நிலையங்களைச் சுமார் 45 மில்லியனுக்கு நெக்ஸ்டாருக்கே விற்றது. 2021இல் இரண்டு ஊரிலும் செய்தியின் பெயர் மாறியது. சியாட்டிலில் ‘க்யூ 13’ போய் ‘ஃபாக்ஸ் 13’ வந்தது. சார்லட்டில் ‘ஃபாக்ஸ் 46’ போய் ‘குயின் சிட்டி நியூஸ்’ வந்தது. ஒருவர் ஊர்க்காரப் பெயரை எடுத்துவிட்டு நெட்வொர்க் பெயரை மாட்டினார். இன்னொருவர் நெட்வொர்க் பெயரைக் கழற்றிவிட்டு ஊர்ப் பெயரை மாட்டினார். கைமாறும் செய்தி நிலையத்துக்கு எந்தப் பெயர் நல்லது என்று அலச இதைவிடப் பொருத்தமான ஜோடி இல்லை.

முதலில் அங்கே நடைமுறை எப்படி என்று சொல்லிவிடுகிறேன். ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி, ஏபிசி என்பவை நாடு முழுவதும் ஓடும் நெட்வொர்க்குகள். ஆனால் ஒவ்வொரு ஊரிலும் அவற்றை ஒளிபரப்பும் நிலையம் பெரும்பாலும் வேறொருவருக்குச் சொந்தம். நாடகம், கால்பந்து எல்லாம் நெட்வொர்க்கில் இருந்து வரும். காலை, மாலை, இரவுச் செய்தியை அந்த ஊர் நிலையமே தயாரிக்கும். உள்ளூர் பள்ளி விடுமுறை, வெள்ள எச்சரிக்கை, நகரசபைத் தகராறு எல்லாம் இந்தச் செய்தியில்தான். ஆக ஒரு நிலையத்துக்கு மூன்று அடையாளம் உண்டு: ஊர், நெட்வொர்க், முதலாளி. திரையில் எது பெரிய எழுத்தில் வருகிறது என்பதுதான் இங்கே கேள்வி. முதலாளி பெயர் அநேகமாக வரவே வராது. நெக்ஸ்டார் செய்தியைத் தினமும் பார்க்கிறவருக்கே நெக்ஸ்டார் என்ற பெயர் தெரியாமல் இருக்கலாம்.

நான்காவதாக ஒரு பெயரும் உண்டு, உரிமத்தில் இருக்கிற பெயர். அமெரிக்காவின் மத்திய தகவல் தொடர்பு ஆணைய விதிப்படி ஒவ்வொரு நிலையமும் மணிக்கு ஒருமுறை, மணி முடியும் நேரத்தை ஒட்டி, தன் உரிம எழுத்துகளையும் உரிமம் பெற்ற ஊரையும் காட்டியாக வேண்டும். மணி மாறுகிற நேரத்தில் திரையின் அடியில் பொடி எழுத்தில் சில நொடி வந்துபோகுமே, அதுதான். சியாட்டில் நிலையத்துக்கு அந்த எழுத்துகள் கே-சி-பி-க்யூ. உரிம ஊர் சியாட்டில்கூட இல்லை, பக்கத்து டகோமா. நடுவில் உள்ள சி-பி, குளோவர் பார்க் என்ற பள்ளி மாவட்டத்தில் இருந்து வந்தது. 1970களின் பிற்பாதியில் அந்தப் பள்ளி மாவட்டம்தான் நிலையத்தின் முதலாளி! 1980இல் கெல்லி என்ற ஒளிபரப்புக் குடும்பத்தின் கைக்கு வந்த பிறகு, கடைசி எழுத்தையும் சேனல் எண்ணையும் சேர்த்து ‘க்யூ 13’ ஆனது. 1999இல் மெரெடித் என்ற நிறுவனத்தின் வழியாக டிரிப்யூன் நிறுவனத்துக்குப் போனது, 2019இல் டிரிப்யூனோடு சேர்த்து நெக்ஸ்டாருக்கு, 2020இல் ஃபாக்ஸுக்கு. இத்தனை கை மாறியும் க்யூ 13 என்ற பெயர் அசையவில்லை. 2021 செப்டம்பரில்தான் அசைந்தது.

ஃபாக்ஸ் தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. அவர்களுக்கு சியாட்டில் வெகுநாள் ஆசை. அமெரிக்கக் கால்பந்தில் என்எஃப்சி பிரிவு ஆட்டங்கள் ஃபாக்ஸில் வருகின்றன, சியாட்டிலின் சீஹாக்ஸ் அந்தப் பிரிவு அணி. 2014இல் டிரிப்யூனுடனான ஒப்பந்தத்தை முறித்துக்கொள்வதாக ஃபாக்ஸ் நோட்டீஸ் கொடுத்தது. வடக்கே பெல்லிங்ஹாமில் ஒரு சிறிய நிலையத்தை வாங்கவும் ஒப்பந்தம் போட்டு மிரட்டிப் பார்த்தது. கடைசியில் டிரிப்யூன் கூடுதலாகப் பணம் கொடுக்கச் சம்மதித்து நிலையத்தைத் தக்கவைத்துக்கொண்டது. அவ்வளவு பாடுபட்டு வாங்கிய வீட்டில் தன் பெயர்ப்பலகையை மாட்டாமல் இருப்பார்களா? எல்லா ஊருக்கும் ஒரே கிராஃபிக்ஸ், ஒரே விளம்பரம், ஒரே செயலி. செலவும் குறையும், ஞாயிற்றுக்கிழமை கால்பந்து பார்க்க வருகிறவர் அப்படியே இரவுச் செய்திக்கும் தங்குவார் என்பது கணக்கு. ‘ஜோ டிவி’ என்று ஓடிக்கொண்டிருந்த துணை நிலையமும் அப்போதே ‘ஃபாக்ஸ் 13 பிளஸ்’ ஆனது.

ஆனால் இதில் ஊர்க்காரருக்கு என்ன லாபம்? ஃபாக்ஸ் 13 என்ற பெயரில் ஃபுளோரிடாவின் டாம்பாவில் ஒன்று இருக்கிறது. யூட்டாவின் சால்ட் லேக் சிட்டியில் ஒன்று. டென்னசியின் மெம்பிஸில் ஒன்று. இப்போது சியாட்டிலிலும் ஒன்று. போனில் ‘ஃபாக்ஸ் 13’ என்று தட்டினால் சூறாவளி எச்சரிக்கை டாம்பாவுடையதா, மலைப்பாதை மூடல் சியாட்டிலுடையதா, யூட்டாவுடையதா என்று ஒருமுறை நின்று பார்க்க வேண்டும். செய்தித் துணுக்குகள் ஊர் விட்டு ஊர் பகிரப்படுகிற காலத்தில் இது சின்னக் குறை இல்லை. க்யூ 13 என்றால் ஒன்றே ஒன்றுதான், அது சியாட்டில்தான். நாற்பது வருடம் சம்பாதித்த பெயர் அது, மறுபடி யாராலும் சம்பாதிக்க முடியாது. அதை எடுத்தது தப்பு என்றே நான் நினைக்கிறேன்.

சார்லட் கதை நேர் எதிர். அங்கே 46 என்ற நிலையம் வெகுகாலம் சின்ன நெட்வொர்க்குகளை ஓட்டிக்கொண்டிருந்தது. 2013இல் ஃபாக்ஸ் அதை வாங்கி, ஊரில் ஏற்கெனவே ஃபாக்ஸ் நிகழ்ச்சிகளை ஒளிபரப்பிய வேறொரு நிலையத்தில் இருந்து அவற்றைப் பிடுங்கி இங்கே மாற்றியது. செய்திப் பிரிவு அதற்கப்புறம் கட்டப்பட்டதுதான். ஆக ‘ஃபாக்ஸ் 46’ என்ற பெயருக்கு வயது எட்டு. அந்த 46 என்ற எண்ணும் வெறும் சம்பிரதாயம். பழைய 38 முதல் 51 வரையிலான டிவி அலைவரிசைகள் ஏலத்தில் செல்போன் நிறுவனங்களுக்குப் போய்விட்டன, நிலையம் உண்மையில் வேறு அலைவரிசையில் ஒளிபரப்பாகிறது. நெக்ஸ்டார் கழற்றிப் போட்டது வேர் பிடிக்காத பெயரை. அதன் இடத்தில் வைத்தது சார்லட்காரர்கள் தங்கள் நகரத்தைச் செல்லமாகச் சொல்லும் பெயரை. கடை, பந்தயம், திருவிழா என்று ஊரில் எதற்கும் சூட்டுகிற பெயர் அது. கேட்டவுடன் எந்த ஊர்ச் செய்தி என்று புரிந்துவிடுகிறது.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். எல்லாரும் பயன்படுத்தும் செல்லப்பெயரைச் செய்திக்கு வைத்தால், புதிதாக ஊருக்கு வந்தவருக்கு இது டிவியா, வாராந்தரப் பத்திரிகையா, இணையதளமா என்று தெரியாது. ரிமோட்டில் எந்த எண்ணை அழுத்துவது என்றும் அந்தப் பெயர் சொல்லாது. டிவி முன்னால் உட்காருகிறவருக்கு அது இடைஞ்சல், போனில் பார்க்கிறவருக்கு ஒன்றுமே இல்லை.

அதற்காக நெக்ஸ்டார் ஊர்ப்பற்றுள்ள நிறுவனம், ஃபாக்ஸ் ஊரை மதிக்காத நிறுவனம் என்று பிரித்துவிட முடியாது. கிளீவ்லாந்தில் நெக்ஸ்டார் நடத்தும் நிலையத்தின் பெயர் இன்றும் ‘ஃபாக்ஸ் 8’. 1994இல் நியூ வேர்ல்ட் நிறுவனம் ஃபாக்ஸுடன் கைகோத்தபோது சிபிஎஸ்ஸை விட்டு வந்த நிலையங்களில் அதுவும் ஒன்று. கால்நூற்றாண்டில் அந்தப் பெயர் ஊரோடு ஒட்டிவிட்டது, யாரும் தொடவில்லை. மில்வாக்கியின் ‘ஃபாக்ஸ் 6’ இன்னும் விசேஷம். 2008இல் ஃபாக்ஸ் அதை விற்றது. லோக்கல் டிவி, டிரிப்யூன், நெக்ஸ்டார் என்ற நிறுவனங்களைச் சுற்றி 2020இல் ஃபாக்ஸிடமே திரும்பியது. இடையில் முதலாளி ஃபாக்ஸ் இல்லாத பன்னிரண்டு வருடமும் பெயர் ஃபாக்ஸ் 6தான். ஆகவே நெட்வொர்க் பெயரா ஊர்ப் பெயரா என்பதைவிட, அந்த ஊரில் வேர் பிடித்த பெயர் எது என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். அந்த அளவுகோலில் சார்லட்டில் நெக்ஸ்டார் செய்தது சரி, சியாட்டிலில் ஃபாக்ஸ் செய்தது சரியில்லை.

இதே ஃபாக்ஸ் இன்னோர் ஊரில் கொஞ்சம் நிதானமாக நடந்திருக்கிறது. 2014 அக்டோபரில் காக்ஸ் நிறுவனத்துடன் ஒரு பண்டமாற்று: சான் பிரான்சிஸ்கோ பகுதியின் கேடிவியூ உள்ளிட்ட இரண்டு நிலையங்களை வாங்கிக்கொண்டு, பாஸ்டன், மெம்பிஸ் நிலையங்களைக் கொடுத்தது. கேடிவியூ அரை நூற்றாண்டு காக்ஸ் கையில் இருந்து, இரவு பத்து மணிச் செய்திக்குப் பேர்போன நிலையம். அதை வெறும் ‘ஃபாக்ஸ் 2’ ஆக்கவில்லை, ‘கேடிவியூ ஃபாக்ஸ் 2’ என்று வைத்தார்கள். சொல்ல நீளம்தான், பார்க்கவும் நெரிசல்தான். ஆனாலும் பழைய பார்வையாளருக்கு வழி தெரிகிறது. ஃபாக்ஸ் 2 என்று டெட்ராய்ட்டிலும் செயின்ட் லூயிஸிலும் இருப்பதால் குழப்பமும் தீர்கிறது. ‘க்யூ 13 ஃபாக்ஸ்’ என்றே விட்டிருக்கலாமே என்று இதைப் பார்த்தால் ஆதங்கமாக இருக்கிறது.

அந்தப் பண்டமாற்றின் மறுபாதி பாஸ்டன். காக்ஸ் அங்கே 2017 ஏப்ரலில் ‘ஃபாக்ஸ் 25’ என்பதை ‘பாஸ்டன் 25’ ஆக்கியது. ஃபாக்ஸ் என்றதும் பார்வையாளர்கள் ஃபாக்ஸ் நியூஸ் என்ற கேபிள் சேனலின் அரசியலோடு முடிச்சுப் போட்டுப் பார்க்கிறார்கள் என்று ஆய்வில் தெரியவந்ததைக் காரணமாகச் சொன்னார்கள். உள்ளூர் நிருபர் ரயில் தாமதத்தைப் பற்றிச் சொன்னாலும் பாதிப்பேர் கட்சிக் கண்ணாடி போட்டுக் கேட்டால் அவர் என்ன செய்வார்? இந்த மாற்றத்தில் செய்தியாளர்களுக்குத்தான் அதிக லாபம். உரிம எழுத்துகளில் மட்டும் ‘எஃப்எக்ஸ்’ இன்னும் இருக்கிறது. மணிக்கு ஒருமுறை பொடி எழுத்தில் அது எட்டிப் பார்க்கும்.

சரி, நெட்வொர்க் பெயரை நம்பி இருப்பதில் உள்ள பெரிய ஆபத்து, ஒருநாள் நெட்வொர்க்கே கிளம்பிவிடும் என்பது. பாஸ்டனின் இன்னொரு நிலையத்தை 2017 புத்தாண்டோடு என்பிசி கைவிட்டது. அதன் செய்திக்குப் பெயர் ‘7 நியூஸ்’, என்பிசி என்ற சொல்லே அதில் கிடையாது. ஜனவரி 1 அன்று பெயரில் ஓர் எழுத்துகூட மாற்றாமல் தன்னந்தனியாகத் தொடர்ந்தது. அட்லாண்டாவில் இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். ‘சிபிஎஸ் 46’ என்ற நிலையம் 2021 கடைசியில் கிரே நிறுவனத்தின் கைக்கு வந்தது. (1999இல் சியாட்டில் நிலையத்துக்கு ஈடாக டிரிப்யூன் மெரெடித்துக்குக் கொடுத்தது இதே நிலையத்தைத்தான்.) 2022 அக்டோபரில் கிரே அதற்கு ‘அட்லாண்டா நியூஸ் ஃபர்ஸ்ட்’ என்று பெயர் வைத்தது, உரிம எழுத்துகளையும் அதற்கேற்ப மாற்றியது. 2025 ஆகஸ்டில் சிபிஎஸ் தன் சொந்த நிலையத்துக்கே இடம் மாறிப்போனது. பழைய பெயரிலேயே இருந்திருந்தால் அன்று நிலையம் பெயரில்லாமல் நின்றிருக்கும். சிபிஎஸ் சொந்தமாக நடத்தும் ஊர்களில் இந்தப் பயம் இல்லை. அதனால்தான் சான் பிரான்சிஸ்கோவில் துணிந்து ‘சிபிஎஸ் நியூஸ் பே ஏரியா’ என்று வைக்க முடிகிறது. அந்த ஊர்களிலும் மினியாப்பொலிஸின் டபிள்யூசிசிஓ போன்ற பழம்பெயர்களை விட்டுவைத்திருக்கிறார்கள்.

மூன்றாவதாக ஒரு வழி உண்டு, பெயரைத் தொடாமல் உள்ளே மட்டும் மாற்றுவது. பார்வையாளருக்கு இதுதான் ரொம்ப ஆபத்து என்று சொல்வேன். சியாட்டிலின் கோமோ நிலையத்தைத் தொடங்கியது ஃபிஷர் என்ற மாவு மில் குடும்பம். 2013இல் ஃபிஷர் நிறுவனத்தை 373 மில்லியன் டாலருக்கு சின்கிளேர் வாங்கியது. ‘கோமோ நியூஸ்’ என்ற பெயர் அப்படியே இருந்தது. ஆனால் மேலிடம் தயாரித்து அனுப்பும் துணுக்குகளைக் கட்டாயம் ஒளிபரப்ப வேண்டியதாயிற்று. 2018 வசந்தத்தில் நாடு முழுவதும் சின்கிளேர் நிலையங்களின் செய்தி வாசிப்பாளர்கள், பொய்ச் செய்திகளைக் கண்டிக்கும் ஒரே உரையை வரி பிசகாமல் வாசித்தார்கள். அந்த வீடியோக்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிய தொகுப்பு உலகம் சுற்றியது. அந்த உரையில் ஓர் இடம் காலியாக விடப்பட்டிருந்தது. அந்தந்த நிலையம் தன் உள்ளூர்ச் செய்திப் பெயரை அங்கே போட்டுக்கொள்ள வேண்டும். ஊர் சம்பாதித்த நம்பிக்கையை வேறொருவர் எழுதிய வாக்கியத்துக்குள் சொருகுகிற ஏற்பாடு அது. ஃபாக்ஸ் 13 என்று மாறியபோது குறைந்தபட்சம் ஏதோ மாறிவிட்டது என்று பார்வையாளருக்குத் தெரிந்தது. கோமோவில் அந்த அறிவிப்புகூட இல்லை. பெயரைக் காப்பாற்றுகிற முதலாளி, பெயருக்குப் பின்னால் இருக்கிற செய்தி முடிவுகளையும் அந்த ஊர் ஆசிரியரிடம் விட்டால்தான் பழைய பெயருக்கு நான் ஓட்டுப் போடுவேன்.

அப்புறம் சார்லட்டுக்கே திரும்பவும் ஒரு சோதனை. 2025 ஆகஸ்டில் நெக்ஸ்டார், டெக்னா நிறுவனத்தை 6.2 பில்லியன் டாலருக்கு வாங்க ஒப்பந்தம் அறிவித்தது. டெக்னாவின் நிலையங்களில் சார்லட்டின் என்பிசி நிலையமும் ஒன்று. அதாவது குயின் சிட்டி நியூஸும் அதோடு தினமும் போட்டி போடும் இன்னொரு செய்திப் பிரிவும் ஒரே கைக்குள் வரும் ஏற்பாடு. ஒரே படப்பிடிப்புக் குழு எடுத்த காட்சியை இரண்டு பெயரில் இரண்டு மேசையில் வாசித்தால், அங்கே எவ்வளவு நல்ல ஊர்ப் பெயர் இருந்தும் பிரயோஜனம் இல்லை. இரண்டு ஆசிரியர்கள், இரண்டு நிருபர் குழுக்கள், நகரசபைக் கூட்டத்தில் இரண்டு மைக்குகள். சார்லட்காரர்கள் புதிய முதலாளியிடம் கேட்க வேண்டியது இவற்றைத்தான். லோகோவைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.