கூகுளா, வாட்ஸ்அப்பா, முகநூலா, மின்னஞ்சலா: வலைப்பூவுக்கு ஆள் எந்த வழியாக வருகிறது?

போன மாதம் மதுரையிலிருந்து அத்தை வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினார். செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், வெயில் இறங்கிய பிறகு இலையின் அடிப்பக்கமும் நனைகிற மாதிரி தெளிக்க வேண்டும் என்று நீளமாகப் போய், கடைசியில் 'அனைவருக்கும் பகிரவும்' என்று மூன்று கைகூப்பும் படங்களோடு முடிந்தது. தன் பங்குக்கு அத்தை 'நீயும் செடி வளக்குறியே, படிச்சுப் பாரு' என்று சேர்த்திருந்தார். அதை எழுதியதே நான்தான். என் வலைப்பூவில் இரண்டு வருடத்துக்கு முன்பு வந்த பதிவு, 'தெளிக்கவும்' என்பதில் நான் விட்ட எழுத்துப்பிழைகூடத் திருத்தப்படாமல் அப்படியே இருந்தது. என் பெயரும் லிங்க்கும் மட்டும் காணோம்.

கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. ஆனால் அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து யோசித்தேன். எழுதியது ஊரெல்லாம் போய்க்கொண்டிருக்கிறது, அதைப் படித்து எழுதிய இடத்துக்கு ஒருவரும் வரவில்லை. இந்த நாலு வழியிலும் மாறி மாறி நேரத்தைக் கொட்டியவன் என்பதால், எது என்ன தந்தது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

முதலில் கூகுள் தேடல். இதுதான் ரொம்ப மெதுவானது, ரொம்ப நாள் நிற்பதும் இதுதான். அந்த மாவுப்பூச்சிப் பதிவுக்கு நான் முதலில் வைத்த தலைப்பு 'மாவுப்பூச்சி: காரணமும் கட்டுப்பாடும்'. ஏதோ வேளாண் பல்கலைக்கழகக் கையேடு மாதிரி இருக்கிறதே என்று எனக்கே ஒரு பெருமை. நாலு மாதம் ஈ, காக்கா வரவில்லை. அப்புறம் சர்ச் கன்சோல் என்ற கூகுளின் கருவியைத் திறந்து, எந்தெந்தச் சொற்களைத் தட்டியவர்களுக்கு என் பக்கம் காட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்தேன். (இலவசம்தான், கடந்த 16 மாதக் கணக்கை வைத்திருக்கும், வலைப்பூ வைத்திருக்கிற பாதிப் பேர் இதைத் திறந்தே பார்ப்பதில்லை.) மாவுப்பூச்சி என்று தேடியவர்கள் மிகக் குறைவு. 'செம்பருத்தி செடியில் வெள்ளை பூச்சி போக', 'செம்பருத்தி மொட்டு உதிர்வது ஏன்', இப்படித்தான் மக்கள் தட்டுகிறார்கள். செடியைப் பார்க்கிறவருக்கு வெள்ளையாக ஏதோ அப்பியிருப்பதுதான் தெரியும், பெயர் தெரிந்திருந்தால் பாதி மருந்து அவருக்கே தெரிந்திருக்கும். இன்னொன்று, யாரும் ஒற்று போட்டுத் தேடுவதில்லை. 'செம்பருத்திச் செடி' என்று இலக்கணமாக எழுதுகிறோம், தேடுகிறவர் 'ச்' போடாமல் தட்டுகிறார், இன்னும் பலர் தமிழையே ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள். நான் ஒற்றை விட்டுவிடவில்லை, அந்த அளவுக்கு இன்னும் இறங்கவில்லை. ஆனால் தலைப்பை 'செம்பருத்தியில் வெள்ளையாக அப்பியிருக்கும் பூச்சி' என்று மாற்றினேன், முதல் பத்தியில் மாவுப்பூச்சி என்ற பெயரையும் சொன்னேன். இரண்டு மாதத்தில் ஆள் வர ஆரம்பித்தது, இன்றுவரை தினமும் யாராவது வருகிறார்கள்.

முகவரி விஷயமும் இருக்கிறது. வலைப்பூ நடத்தப் பலரும் பயன்படுத்தும் தளங்கள் பிளாக்கரும் வேர்ட்பிரஸும். பிளாக்கரில் தமிழில் தலைப்பு வைத்தால் அது தமிழை உதறிவிட்டு வெறும் 'பிளாக்-போஸ்ட்' என்று ஓர் எண்ணை ஒட்டி முகவரி போட்டுவிடும். வேர்ட்பிரஸ் தமிழை வைத்துக்கொள்ளும், ஆனால் லிங்க்கை நகலெடுத்து ஒட்டும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் (புள்ளி, துணைக்கால் எல்லாம் தனித்தனிக் குறிதான்) மூன்று பைட்டாக, அதாவது கணினி சேமிக்கும் சிறு துண்டுகளாக உடைந்து, ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாக நீளும். 'தக்காளி' என்ற ஒரு சொல் மட்டும் 63 எழுத்துக்கு வந்து நிற்கும். அத்தை மாதிரி ஆட்களுக்கு அப்படி ஒரு லிங்க்கை அனுப்பினால் வைரஸ் என்று நினைத்து அழித்துவிடுவார்கள், அனுபவம். அதனால் முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் இரண்டு, மூன்று சொல்லாக நானே கைப்பட வைக்கிறேன். இரண்டிலுமே அந்த வசதி இருக்கிறது, பதிவை வெளியிடுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும்.

கூகுளின் குறை என்ன? வருகிறவர் அளவைப் பார்த்துக்கொண்டு போய்விடுவார். ஐந்து மில்லி, சரி, டாட்டா. யார் எழுதியது, வேறென்ன எழுதியிருக்கிறான் என்றெல்லாம் பார்க்க அவருக்கு ஏது நேரம், கையில் தெளிப்பானோடு மாடியில் நிற்கிறார். இப்போது விடையைப் பல நேரம் கூகுளே மேலே சுருக்கிப் போட்டுவிடுவதால் அந்த வரவும் குறைகிறது. அப்புறம், தேடல் கைகொடுப்பது கேள்வி இருக்கிற பதிவுக்கு மட்டும்தான். தாத்தா தோட்டத்துக் கிணற்றைப் பற்றி நான் எழுதியதை யார் தேடப் போகிறார்கள்?

அந்தக் கிணற்றுப் பதிவுக்கு ஆள் கொண்டுவந்தது வாட்ஸ்அப். எங்கள் பள்ளிக்கூடக் குழுவில் போட்டேன், ஒரு மாதத்தில் வருகிற ஆள் முழுக்க ஒரே நாளில் வந்தது, மூன்றாம் நாள் சுத்தமாக நின்றது. வாட்ஸ்அப் அப்படித்தான், ஆடிப்பெருக்கு வெள்ளம் மாதிரி வரும், வடிந்துவிடும். 2018-இல் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்குமேல் ஃபார்வர்டு செய்ய முடியாது என்று கொண்டுவந்தார்கள், 2020 ஏப்ரலில் ஏற்கெனவே பல கை மாறிய செய்தியென்றால் ஒரு நேரத்தில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் என்றார்கள். வதந்தியைத் தடுக்க வந்த கட்டுப்பாடு, நல்லதுதான். ஆனால் ஃபார்வர்டு செய்யாமல் நகலெடுத்து ஒட்டினால் அது புதுச் செய்தி, அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. நகலெடுக்கும்போது நம் பெயர் கழன்று விழுவது இப்படித்தான். அதனால் இப்போது முழுப் பதிவையும் குழுவில் ஒட்டுவதில்லை. நாலு வரி, அதுவும் கதையின் பாதியில் நிற்கிற நாலு வரி, கீழே லிங்க். லிங்க்கோடு படம் தெரிகிற மாதிரி பதிவில் ஒரு நல்ல புகைப்படம் கட்டாயம் வைக்கிறேன், படம் இல்லாத லிங்க்கை எங்கள் குழுவில் யாரும் தொடுவதில்லை. இன்னொரு பாடம், தினமும் போட்டால் குழுவில் மரியாதை போய்விடும், மாதத்துக்கு ஒன்று என்றால் 'என்னப்பா, இந்த மாசம் எழுதலையா' என்று கேட்கிறார்கள்.

முகநூலைப் பற்றி எனக்கு நல்ல வார்த்தை குறைவு. 2018 ஜனவரியில் நண்பர்கள், குடும்பத்தார் போடுவதற்கே முன்னுரிமை என்று அவர்கள் அறிவித்த பிறகு பக்கம் வைத்து நடத்தியவர்கள் பலரும் அடிவாங்கினார்கள், நானும்தான். லிங்க்கைப் பதிவில் போடாமல் முதல் பின்னூட்டத்தில் போடுவது என்று ஒரு வைத்தியம் சொல்வார்கள், செய்து பார்த்தேன், லைக் ஏறியது, லிங்க்கைத் தொட்டவர்கள் ஏறவில்லை. செடிக் குழுக்கள் கொஞ்சம் பரவாயில்லை, அங்கே யாராவது கேள்வி கேட்டால் முழுப் பதிலையும் அங்கேயே சொல்லிவிட்டு, படங்களுக்கு இங்கே பாருங்கள் என்று லிங்க் கொடுத்தால் வருகிறார்கள். வெறும் லிங்க்கை வீசினால் அட்மின் தூக்கிவிடுவார், அதில் தப்பும் இல்லை. ஆனால் பதிலை அங்கேயே முழுசாக எழுதுகிறோம் என்றால் யார் வீட்டு நிலத்தில் கிணறு வெட்டுகிறோம் என்ற கேள்வி வருகிறது, ஆறு மாதம் கழித்து அந்தப் பதிலை நானே தேடினேன், கிடைக்கவில்லை. இன்ஸ்டா, எக்ஸ் எல்லாம் எனக்குச் சரிப்படவில்லை, மற்றவர்களுக்குச் சரிப்படலாம், விட்டுவிடுகிறேன்.

இந்த இடத்தில் பழைய ஆட்கள் ஒரு பெருமூச்சு விடுவார்கள், நானும் விடுகிறேன். பல வலைப்பூக்களின் புது இடுகைகளை ஒரே இடத்தில் காட்டும் திரட்டிகள் இருந்த காலம். 2004-இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணத்தில் வலைப்பூவைச் சேர்த்துவிட்டால் போதும், புது இடுகை போட்டால் முகப்பில் வரும், பின்னூட்டம் விழுந்தால் மறுபடியும் முகப்பில் தெரியும். அதனாலேயே முதல் பின்னூட்டமாக 'மீ த ஃபர்ஸ்ட்டு' போட ஒரு கூட்டம், பின்னூட்டத்தில் அரட்டையடித்துக் கும்மியடிக்க ஒரு கூட்டம், இடுகையை மேலே ஏற்றத் தனக்குத் தானே பதில் போட்டுக்கொள்கிற பின்னூட்டக் கயமை வேறு. மொக்கையும் நிறைய இருந்தது. ஆனாலும் வந்தவர் படித்தார், சண்டை போட்டார், மறுநாளும் வந்தார், ஏனென்றால் வந்தவரும் எழுதுகிறவர். தேடலும் முகநூலும் அந்த ஆளைக் கொண்டுவரவே இல்லை. திரட்டிகளின் இடத்துக்கு வேறெதுவும் வரவில்லை. பிடித்த தளங்களின் புது இடுகைகளைச் செய்தியோடையாக ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடரை 2013 ஜூலையில் மூடியபோது மிச்சமிருந்த அந்த வாசகர்களும் கலைந்துபோனார்கள்.

ஓரளவுக்கு அதற்குப் பக்கத்தில் வருவது மின்னஞ்சல் என்றால் சிரிப்பீர்கள். நானும் சிரித்தேன், நம் ஊரில் மெயில் என்பது வங்கியும் வேலை விண்ணப்பமும்தானே. ஃபீட்பர்னர் என்ற கூகுள் சேவை வழியாகப் பதிவுகள் தானாக மெயிலில் போய்க்கொண்டிருந்தன, யார் வாங்குகிறார்கள் என்றுகூட நான் பார்த்ததில்லை. 2021-இல் அதன் மின்னஞ்சல் சேவையை நிறுத்தப் போகிறோம் என்று கூகுள் சொன்னபோதுதான் அவசரமாக முகவரிகளைத் தரவிறக்கி வைத்தேன். இருநூறுக்கும் குறைவான முகவரிகள், பாதி செத்தவை. மீதிப் பேருக்கு மாதம் ஒரு கடிதம் மாதிரி எழுதினேன், 'வணக்கம், இந்த மாதம் மாடியில் அவரை காய்க்கவே இல்லை' என்று. பதில் வந்தது! கோவில்பட்டியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் அவரைப் பந்தலைப் படமெடுத்து அனுப்பி, நீங்கள் மண்ணைக் குறை சொல்கிறீர்கள், எனக்கென்னவோ தண்ணீர் அதிகமாகிறது என்று படுகிறது என்றார். அவர் சொன்னதுதான் சரி. லைக் போட்ட ஆயிரம் பேரில் ஒருவர் எனக்கு இதைச் சொல்லவில்லை.

மெயிலின் தொல்லைகளையும் சொல்லிவிட வேண்டும். ஜிமெயில் நம் கடிதத்தை விளம்பரப் பகுதிக்குத் தள்ளிவிடும், முதல் கடிதத்துக்கு ஒரு வரியாவது பதில் போடுங்கள் என்று கேட்டு வைத்தால் கொஞ்சம் உதவுகிறது. கடிதம் 102 கேபியைத் தாண்டினால் பாதியில் வெட்டிவிடும், தமிழில் ஒரு குறிக்கு மூன்று பைட் என்பதால் ஆங்கிலத்தைவிட நாம் சீக்கிரம் அந்தக் கோட்டைத் தொடுவோம். எண்ணிக்கையும் ஏறவே ஏறாது. ஒரு வருடத்தில் நாற்பது பேர் கூடினார்கள், அவர்களில் பெரும்பாலோர் அந்தச் செம்பருத்திப் பதிவின் அடியில் நான் வைத்த ஒரு வரியைப் பார்த்து வந்தவர்கள்: 'உங்கள் செடிக்குச் சரியாகவில்லை என்றால் மெயில் போடுங்கள், படத்தோடு.'

ஆக, வாரத்தில் இரண்டு மணிநேரம்தான் இருக்கிறது, எங்கே போடுவது என்று கேட்டால், ஒன்றரை மணிநேரம் பழைய பதிவுகளின் தலைப்பையும் முதல் பத்தியையும் தேடுகிறவர் மொழிக்கு மாற்றுவதில், மீதி அரைமணி மெயிலுக்குப் பதில் எழுதுவதில் போடுவேன். கதை, கட்டுரை எழுதுகிறவர் என்றால் இதைத் தலைகீழாக்கி, கூகுளை மறந்துவிட்டு, வாட்ஸ்அப்பையும் மெயிலையும் பிடித்துக்கொள்ளுங்கள். முகநூலுக்கு என் கணக்கில் நேரம் இல்லை, அங்கேயே குடியிருப்பவர் என்றால் உங்கள் இஷ்டம்.

ஆடி பிறக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. 'ஆடிப்பட்டம் என்ன விதைக்கலாம்' என்று கேட்டு வருகிற கூட்டம் ஆனிக் கடைசியிலேயே ஆரம்பித்துவிடும். போன வருடம் ஆடி 18-க்குப் போட்டேன், பாதிப் பேர் விதைத்து முடித்திருந்தார்கள். இந்த முறை அந்தப் பதிவையே எடுத்து, அவரையில் தண்ணீரைப் பற்றிக் கோவில்பட்டிக்காரர் சொன்னதைச் சேர்த்து, இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்து வைக்க வேண்டும். அத்தைக்கு லிங்க்கை மட்டும் அனுப்பப் போகிறேன்.