3.73-லிருந்து 4.56: நான்கு வருட இழுவைக்குப் பிறகு

என் பிக்கப் டிரக்கின் முன், பின் ஆக்சில்கள் இரண்டிலும் கிரவுன்-பினியன் செட்டை, அதாவது ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் சுழற்சியைச் சக்கரங்களுக்குத் திருப்பிவிடும் பல்சக்கர ஜோடியை, 3.73-லிருந்து 4.56-க்கு மாற்றி நான்கு வருடம் ஆகிறது. சக்கரம் ஒருமுறை சுற்ற அந்த ஷாஃப்ட் எத்தனை முறை சுற்ற வேண்டும் என்பதுதான் இந்த எண், இதைத்தான் ரேஷியோ என்கிறோம். அதற்குப் பிறகு 62,000 கி.மீ. ஓடியிருக்கிறது. அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான தூரம் பின்னால் டிரெய்லரோடு. டிரெய்லரும் அதன் மேலிருக்கும் மினி எக்ஸ்கவேட்டரும் சேர்ந்து 2.7 டன். மாற்றிய புதிதில் எல்லாம் நன்றாகத்தான் தெரியும் என்பதால், இவ்வளவு நாள் ஓட்டிவிட்டு இப்போது எழுதுகிறேன்.

மாற்றுவதற்கு முன்பு வண்டி பட்ட பாடு இதுதான். பெட்ரோல் வி6 எஞ்சின், ஐந்து கியர் ஆட்டோமேட்டிக். நான்காவது கியர் நேரடி, அதாவது 1:1. ஐந்தாவது 0.75. தொழிற்சாலையில் போட்ட 30 அங்குல டயரை எடுத்துவிட்டு நான் 33 அங்குலம் போட்டிருந்தேன். சுமையோடு மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் போனால் ஐந்தாவதில் எஞ்சின் ஏறக்குறைய 1,600 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று). அந்த எஞ்சினுக்கு அங்கே இழுவையே கிடையாது. லேசான மேடு வந்தாலே நான்காவதுக்கு இறங்கும், ஆர்பிஎம் 2,100-ஐத் தாண்டும். மேடு முடிந்ததும் மறுபடி ஐந்தாவது. இப்படியே மேலும் கீழும் தாவிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு தாவலிலும் டார்க் கன்வெர்ட்டரின் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியாக இணைக்கும் பாகம்) பூட்டு விடுபடும், கியர்பாக்ஸ் ஆயில் சூடேறும். நீண்ட ஏற்றங்களில் அது 118 டிகிரி வரை போனதை ஸ்கேனரில் பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் இதை இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று முடிவு செய்தேன்.

சரி, எந்த ரேஷியோ? கிரவுன் என்ற பெரிய சக்கரத்தில் 41 பல், அதைச் சுற்றும் பினியன் என்ற சின்னச் சக்கரத்தில் 11 பல் என்றால் 3.73. பினியன் 10 பல் என்றால் 4.10, 9 பல் என்றால் 4.56. கேட்டவர்களில் பெரும்பாலானவர்கள் 4.10 போதும் என்றார்கள். ஆனால் டயரைக் கணக்கில் சேர்த்தவுடன் படம் மாறிவிட்டது. 30-லிருந்து 33 என்பது 10 சதவீதம் பெரிய டயர். 3.73-ஐ 1.1-ஆல் பெருக்கினால் வருவது 4.10. அதாவது 4.10 போட்டால், பெரிய டயரால் நான் இழந்தது திரும்பக் கிடைக்கும், அவ்வளவுதான். சுமை இழுக்க ஒரு துளியும் கூடுதலாக வராது. அதனால் 4.56-க்குப் போனேன்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது, என்னைப் பொறுத்தவரை முக்கியமானது அதுதான். ஐந்தாவது கியரையும் ஆக்சிலையும் சேர்த்துப் பெருக்கிப் பாருங்கள். பழைய ஐந்தாவது 2.80, பழைய நான்காவது 3.73. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வண்டிக்குத் தேவையான இடம் இருந்தது, அங்கே கியரே இல்லை. இப்போது ஐந்தாவது 3.42. 90-ல் 1,950 ஆர்பிஎம் பக்கம் நிற்கிறது. பழைய நான்காவதின் இழுவையில் பெரும்பகுதி ஐந்தாவதிலேயே கிடைத்துவிடுகிறது. எஞ்சினின் சக்தி ஒரு குதிரைகூடக் கூடவில்லை. இருக்கும் சக்தியை அது தரக்கூடிய ஆர்பிஎம்-மில் வைத்து வாங்குகிறோம்.

நான்கு சக்கர இயக்கம் என்பதால் முன் ஆக்சிலையும் சேர்த்தே மாற்ற வேண்டும், இதில் சமரசம் கிடையாது. பின்னால் மட்டும் மாற்றிவிட்டு 4x4 போட்டால், இரண்டு ஆக்சிலும் வேறு வேறு வேகத்தில் சுற்றப் பார்க்கும். இடையில் மாட்டிக்கொண்டு நொறுங்குவது, இரண்டு ஆக்சிலுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ்தான். பின்னால் 4.10, முன்னால் 4.09 என்பது போன்ற நூலிழை வித்தியாசம் பரவாயில்லை, சில வண்டிகள் தொழிற்சாலையிலிருந்தே அப்படித்தான் வருகின்றன. அப்புறம், பினியன் சிறுத்தால் கிரவுன் அதற்கேற்பப் பினியன் பக்கமாக நகர்ந்து வர வேண்டும். அதற்காகச் சில ஆக்சில்களில் டிஃபரன்ஷியல் கேரியரையே (கிரவுனைத் தாங்கும் கூடு) மாற்ற வேண்டும், அல்லது தடிமனான கிரவுன் வாங்க வேண்டும். உதாரணமாக, டானா 44 என்ற ஆக்சிலில் 3.73 வரை ஒரு கேரியர், 3.92-லிருந்து மேலே இன்னொன்று. செட் வாங்கும் முன்பே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இனி வேதனையான பகுதி. முதலில் வேலை செய்த பட்டறையிலிருந்து வண்டியை எடுத்துப் போன அன்றே, 70-ல் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்னாலிருந்து ஊளைச் சத்தம். காலை வைத்தால் நின்றுவிடும். ‘புதுப் பல், ஓட ஓடச் சரியாகிவிடும்’ என்றார்கள். 300 கி.மீ. ஓட்டியும் சரியாகவில்லை. டிஃபரன்ஷியல் வேலை மட்டுமே செய்யும் வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் பின் மூடியைக் கழற்றி, கிரவுனின் நான்கைந்து பல்லில் மஞ்சள் மார்க்கிங் பேஸ்ட்டைத் தடவி, கையால் முன்னும் பின்னும் சுற்றினார். பிறகு விளக்கைப் பிடித்து என்னைக் கூப்பிட்டார். ‘தடம் எங்கே விழுந்திருக்கு பாருங்க.’ பல்லின் நடுவில் நீள்வட்டமாக விழ வேண்டிய தடம், பல்லின் அடியோடு ஒட்டி மெல்லிய கோடாக விழுந்திருந்தது. பினியன் கிரவுனை நோக்கி அளவுக்கு மீறி உள்ளே உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். பல்லின் மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தார், எங்கும் தட்டவில்லை. பல் இன்னும் கெடவில்லை என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

பினியன் எவ்வளவு உள்ளே உட்கார வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் ஷிம் என்ற மெல்லிய வளையத்தின் தடிமனை 0.1 மி.மீ. குறைத்தார். ஒரு தாளின் தடிமன்தான், ஆனால் அதற்காகப் பினியனை வெளியே எடுத்து, பேரிங்கை இழுத்து, ஷிம்மை மாற்றி மறுபடி அழுத்த வேண்டும். பேரிங் இறுக்கத்துக்காக நசுங்கும் கிரஷ் ஸ்லீவ் என்ற குழாயை, ஒருமுறை நசுங்கிய பிறகு மறுபடி போட மாட்டேன் என்று புதிதாக ஒன்று போட்டார். பேக்லாஷை (பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே விடும் இடைவெளி) டயல் கேஜ் வைத்து 0.20 மி.மீ.-க்குக் கொண்டுவந்தார். தடம் நடுவுக்கு வந்தது. சத்தம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. வெறும் வண்டியில் கண்ணாடியை ஏற்றிவிட்டு 70-ல் காலை எடுத்தால் இன்றைக்கும் லேசாகக் கேட்கும், ஆனால் நான்கு வருடத்தில் அது கூடவில்லை. எந்த ரேஷியோ என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, யார் கையில் வேலையைக் கொடுக்கிறோம் என்பதற்கு அதிக நேரம் செலவழியுங்கள். வண்டியை எடுக்கும் முன்பு தடத்தின் படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

புதுப் பல்லைப் பழக்குவதில் நான் எதையும் தவிர்க்கவில்லை. முதல் சில ஓட்டங்கள் அரை மணி நேரம் மிதமான வேகத்தில், பிறகு ஹவுசிங் கைக்குக் குளிரும் வரை ஓய்வு. 800 கி.மீ. வரை டிரெய்லரே மாட்டவில்லை. அதன் பிறகு ஆயிலை மாற்றினேன். வெளியே வந்த ஆயிலில் வெள்ளிப் பொடி கலந்தது போல மினுமினுப்பு இருந்தது, துகள் எதுவும் இல்லை.

ஸ்பீடோமீட்டர் தனிக் கதை. என் வண்டியில் சென்சார் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கம் இருக்கிறது, சக்கரத்தின் சுற்றை அல்ல, ஷாஃப்டின் சுற்றைத்தான் எண்ணுகிறது. அதனால் உண்மையில் 90-ல் போகும்போது மீட்டர் 100 காட்டியது. கம்ப்யூட்டரில் டயர் அளவையும் ரேஷியோவையும் மாற்றிய பிறகுதான் கியர் மாறும் நேரமும் ஒழுங்குக்கு வந்தது.

பலன் என்ன? அதே ஏற்றங்களில் கியர்பாக்ஸ் ஆயில் 98-ஐத் தாண்டுவதில்லை. இறக்கத்தில் எஞ்சின் பிரேக் நன்றாகப் பிடிக்கிறது, பிரேக் மிதிப்பது கண்கூடாகக் குறைந்துவிட்டது. லோ ரேஞ்சில் (4x4-இன் மெதுவான கியர் நிலை) மண் தரையில் டிரெய்லரைப் பின்னால் தள்ளும்போது வண்டி ஊர்ந்து போகிறது, அது பெரிய நிம்மதி. எரிபொருளைப் பொறுத்தவரை, சுமையோடு லிட்டருக்கு 4.5 கி.மீ. கொடுத்தது இப்போது 4.7. வெறும் வண்டியில் 8 இருந்தது 7.5 ஆகிவிட்டது. ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் அதே வேகத்துக்கு 22 சதவீதம் கூடுதலாகச் சுற்றுவதால், முன்பு தெரியாத ஒரு நடுக்கம் 105-க்கு மேல் தலைகாட்டியது. ஷாஃப்டின் பின் முனையில் இருக்கும் யுனிவர்சல் ஜாயின்ட் என்ற மூட்டை மாற்றி, ஷாஃப்டை பேலன்ஸ் செய்ததும் போய்விட்டது.

ஒன்று மட்டும் கவனம். வண்டியின் அனுமதிக்கப்பட்ட இழுவை எடை இதனால் அதிகமாகிவிடாது. பிரேக், சேசிஸ், கூலிங் எல்லாம் பழையவைதான். தொழிற்சாலை டயரோடு எப்போதாவது மட்டும் டிரெய்லர் மாட்டுபவருக்கு இந்த வேலை தேவையில்லை. எட்டு, பத்து கியர் உள்ள புதிய வண்டிகளில் கியர்களுக்கு இடையே இப்படி இடைவெளி விழுவதில்லை, அவற்றை வைத்திருப்பவர்களும் யோசித்துச் செய்யலாம்.

போன மாதம் பின் ஆயிலை மறுபடி மாற்றினேன். காந்த பிளக்கில் சாம்பல் நிறக் களிம்பு மட்டும். பேக்லாஷ் 0.22. பினியன் சீல் ஓரத்தில் எண்ணெய் கசிந்து தூசி ஒட்டியிருக்கிறது. அதை மாற்ற பினியன் நட்டைக் கழற்றியாக வேண்டும், பேரிங்குக்குக் கொடுத்த இறுக்கம் (ப்ரீலோடு) கலைந்துவிடும். அதனால் சீல் சின்ன வேலைதான் என்றாலும், அந்த இரண்டாவது மெக்கானிக்கிடமே தேதி கேட்டு வைத்திருக்கிறேன்.