முப்பதாயிரமா, இருபதாயிரத்து எண்ணூறா, கையில் இருபதா?

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகைக்குக் கிலோ கணக்கில் விலை சொல்வார்கள். அதே பூ மீனாட்சி அம்மன் கோயில் வாசலில் முழக்கணக்கு. முழமும் யார் கை அளக்கிறது என்பதைப் பொறுத்தது. போன மாதம் என் அக்கா மகன் மூன்று வேலைகளைக் கொண்டுவந்து, "இதுல எது மாமா பெருசு?" என்று கேட்டபோது இந்த நினைப்புதான் வந்தது. மூன்று இடத்திலும் சம்பளம் சொல்லியிருந்தார்கள், ஆனால் ஒரே அளவையில் யாரும் சொல்லவில்லை.

பையன் பி.காம். வீடு திருநகர். முதல் வேலை வடபழஞ்சி எல்காட் வளாகத்தில் ஒரு ஐ.டி. சேவை நிறுவனம், ஆண்டுக்கு 3.6 லட்சம். இரண்டாவது கப்பலூர் சிட்கோ பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பிரிவு, மாதம் கிராஸ் 20,800. மூன்றாவது விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் பில்லிங், கையில் 20,000, "பிடித்தமே கிடையாது தம்பி" என்ற வாக்குறுதியோடு.

நான் பதினாலு வருடமாக ஒரு மில்லில் சம்பளப் பட்டியல் போடுகிறவன். முதல் எண் சி.டி.சி., இரண்டாவது கிராஸ், மூன்றாவது நெட் என்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. சி.டி.சி. என்பது இந்த ஆளை வைத்துக்கொள்ள நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு. கிராஸ் என்பது சம்பளச் சீட்டின் வரவுப் பக்கத்துக் கூட்டுத்தொகை. நெட் என்பது பிடித்தமெல்லாம் போய் வங்கிக் கணக்கில் விழுவது. மூன்றையும் ஒரே படியில் அளக்காமல் எது பெரிது என்று பேசுவதில் அர்த்தமில்லை.

வடபழஞ்சியிலிருந்து தொடங்கினோம். 3.6 லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 30,000. அக்கா இந்த எண்ணை அதற்குள் பாதித் தெருவுக்குச் சொல்லியாகிவிட்டது. ஆஃபர் லெட்டரின் கடைசிப் பக்க அட்டவணையைப் பிரித்தால் அதில் 3,000 'வேரியபிள்'. வருடக் கடைசியில் மதிப்பீடு பார்த்துத் தருவது, அப்போது வேலையில் இருந்தால்தான் கிடைக்கும். அடுத்தது நிறுவனம் கட்ட வேண்டிய பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பங்கு 1,560. அது இவனுடைய 30,000-க்குள்ளேயே அடக்கம். பணிக்கொடைக்கு 625, குழுக் காப்பீட்டு பிரீமியம் 515. எல்லாம் போக கிராஸ் 24,300 நின்றது. பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 13,000, வீட்டு வாடகைப்படி 5,200, சிறப்புப்படி 6,100.

பேசிக்கையும் பார்க்க வேண்டும். முன்பெல்லாம் அதை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி, மிச்சத்தைப் படிகளாகப் பிரித்துவிடுவார்கள். பேசிக் குறைந்தால் நிறுவனம் கட்டும் பி.எஃப். குறையும், பணிக்கொடையும் குறையும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய தொகையையும் ஊதியமாகவே கணக்கில் எடுக்கச் சொல்கிறது. இந்த லெட்டரில் பேசிக் பாதிக்கு மேல் இருந்ததால் அந்தப் பேச்சு தேவைப்படவில்லை.

இனி பிடித்தம். பி.எஃப்.-க்குப் பேசிக்கில் 12 சதவீதம், 1,560. தொழில்வரி நம் மாநிலத்தில் அரையாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சிக்குப் போவது. அரசியலமைப்புச் சட்டத்தின் 276-ஆவது பிரிவின்படி ஆண்டுக்கு 2,500-க்கு மேல் வாங்க முடியாது. அந்த உச்சத்தையே வைத்துக்கொண்டால் மாதம் 208. வேன் கட்டணம் 1,000. வருமான வரியைப் பற்றி இந்தச் சம்பளத்தில் கவலையே வேண்டாம், 2025-26 முதல் புதிய முறையில் 12.75 லட்சம் வரை சம்பளக்காரருக்கு வரி வராது. ஆக கைக்கு 21,532.

அந்த முப்பது என்ன ஆனது என்று பையன் கேட்கவில்லை. முகத்தில் தெரிந்தது.

கப்பலூர் ஆர்டர் ஒரே பக்கம்தான். பேசிக்கும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,000, வாடகைப்படி 3,800, இதர படிகள் 2,000. பி.எஃப். 1,800, இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) 0.75 சதவீதம் 156, தொழில்வரி 208. கைக்கு 18,636. கம்பெனி பஸ் இலவசம், திருநகரிலேயே ஏறிக்கொள்ளலாம்.

ஆனால் இங்கே நிறுவனத்தின் பங்குகள் கிராஸுக்கு வெளியே நிற்கின்றன. பி.எஃப். 1,800, இ.எஸ்.ஐ.-க்கு 3.25 சதவீதம் 676, பணிக்கொடைக்கு ஒதுக்கினால் 721. குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம். மாதச் சம்பளம் 7,000 ரூபாய் என்ற உச்சவரம்பை வைத்தே போட்டாலும் ஆண்டுக்கு ஏறக்குறைய 7,000, மாதத்துக்கு 583. எல்லாம் கூட்டினால் 24,580. வடபழஞ்சிக்காரர்கள் பாஷையில் சொன்னால் இதுவும் கிட்டத்தட்ட 2.95 லட்சம் வேலை.

இப்போது வித்தியாசத்தைப் பாருங்கள். சொன்ன எண்களில் 30,000-க்கும் 20,800-க்கும் இடையே 9,200. கைக்கு வருவதில் அது 2,896. பி.எஃப். கணக்கில் இவன் பெயரில் ஏறுவது, இரண்டு பங்கும் சேர்த்து, அங்கே 3,120, இங்கே 3,600. அதையும் சேர்த்தால் வித்தியாசம் 2,416. (நிறுவனம் கட்டும் 12 சதவீதத்திலிருந்து, சம்பளத்தில் 8.33 சதவீத அளவு ஓய்வூதிய நிதிக்குப் போய்விடும், முழுவதும் வட்டியோடு வளரும் என்று நினைக்கக் கூடாது.) சாப்பாடு: அங்கே மதியம் 70 ரூபாய், 22 நாள், 1,540. இங்கே கேன்டீனில் 10 ரூபாய், 26 நாள், 260. வித்தியாசம் 1,136 ஆகிவிட்டது. போனஸையும் கழித்தால் 553. வேரியபிள் முழுதாக வந்தால் மட்டும் இதில் 3,000-ஐச் சேர்த்துக்கொள்ளலாம். 'முழுதாக' என்ற சொல்லை அந்த லெட்டரில் நான் எங்கும் பார்க்கவில்லை.

இது ஒருபக்கக் கணக்கு என்று தோன்றலாம். உண்மைதான், வடபழஞ்சிக்கு ஒரு பெரிய சாதகம் உண்டு. அங்கே ஐந்து நாள் வேலை, இங்கே ஆறு நாள். ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் என்று 22 நாளுக்குப் போட்டால் மணிக்கு 108 ரூபாய்க்கு மேல் நிற்கிறது. கப்பலூரில் எட்டரை மணி நேரம், 26 நாள், மணிக்கு 84. சனிக்கிழமை மதியத் தூக்கத்துக்கு விலை போடத் தெரிந்தவர்கள் போட்டுக்கொள்ளட்டும். ஓ.டி. (கூடுதல் நேர வேலை) பார்த்தால் சட்டப்படி இரண்டு மடங்கு. ஆனால் ஸ்டோர்ஸ் ஆளுக்கு அது உண்டா என்று ஆர்டரில் இல்லாததால் கணக்கில் சேர்க்கவில்லை, கேட்டு எழுத்தில் வாங்கச் சொன்னேன்.

அடுத்தது இ.எஸ்.ஐ. 156 ரூபாயை எல்லாரும் தண்டம் என்பார்கள். அத்தானுக்கு வயது 58, சர்க்கரை, இப்போது வருமானம் இல்லை. பிள்ளையை நம்பியிருக்கும் பெற்றோருக்கும் தத்தனேரி இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் வைத்தியம் உண்டு. பையனே படுத்துவிட்டால் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். ஐ.டி. நிறுவனக் காப்பீட்டில் பெற்றோரைச் சேர்க்கத் தனி பிரீமியம் கேட்கிறார்கள். மாத்திரைக்கே மாதம் என்ன ஆகிறது என்று அக்காவைக் கேட்டேன். அந்த 553 அதில் காணாமல் போய்விடும்.

ஒரு பொறியும் இருக்கிறது. இ.எஸ்.ஐ. வரம்பு 21,000. 20,800-க்கு ஐந்து சதவீதம் இன்கிரிமென்ட் போட்டாலே 21,840 ஆகிவிடும். அது ஏப்ரல் 1-லிருந்து என்றால் அன்றைக்கே இ.எஸ்.ஐ.-யிலிருந்து வெளியே. மே மாதத்திலிருந்து என்றால் செப்டம்பர் 30 வரை உள்ளே இருக்கலாம், ஏனென்றால் பங்களிப்புக் காலம் ஏப்ரல்-செப்டம்பர், அக்டோபர்-மார்ச் என்று ஓடுவது. எங்கள் மில்லிலேயே சம்பளம் ஏற வேண்டாம் என்று சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, ஜவுளிக்கடை. அதற்கு ரொம்ப நேரம் ஆகவில்லை. கையில் 20,000, கப்பலூரை விட 1,364 கூடுதல். தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளமும் துணியும் தருவது வழக்கம் என்றார்கள். காலை பத்து முதல் இரவு பத்து வரை, மாதம் இரண்டு நாள் லீவு. 28 நாள், 336 மணி நேரம், மணிக்கு 60 ரூபாய் கூட முழுசாக வராது. ஒரு நாள் வராவிட்டால் எவ்வளவு பிடிப்பார்கள் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. முப்பதால் வகுத்தால் 667, இருபத்தாறால் வகுத்தால் 769. கடை ஊழியர்கள் நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கக் கூடாது, உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. பில்லிங்கில் நாற்காலி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வரச் சொன்னேன், இருந்தது.

'பிடித்தமே கிடையாது' என்பதற்குப் பி.எஃப். கிடையாது, இ.எஸ்.ஐ. கிடையாது என்றுதான் பொருள். அந்தக் கடையில் முப்பது பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கிறார்கள். பத்துப் பேர் இருந்தாலே இ.எஸ்.ஐ., இருபதைத் தொட்டாலே பி.எஃப். கட்ட வேண்டும். நானும் முதல் நான்கு வருடம் இப்படி ஒரு கடையில் ரொக்கச் சம்பளம் வாங்கியவன்தான். பைக் லோனுக்கு வங்கி மூன்று மாதச் சம்பளச் சீட்டு கேட்டபோது, முதலாளி துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். வங்கி மேலாளர் அதைப் படித்துவிட்டு மடித்து என்னிடமே தந்தார்.

என் கணக்கில் கப்பலூர்தான் இவனுக்கு. அத்தான் நன்றாக இருந்திருந்தால் வடபழஞ்சி என்று சொல்லியிருப்பேன், அங்கே இரண்டு வருடம் போட்டால் அடுத்த கம்பெனிக்குத் தாவலாம். சேரும் முன் இரண்டு கேள்வியை மெயிலில் கேட்கச் சொன்னேன்: இன்கிரிமென்ட் எந்த மாதத்திலிருந்து, ஸ்டோர்ஸுக்கு ஓ.டி. உண்டா. ஜூலையிலிருந்து, ஓ.டி. உண்டு என்று பதில் வந்தது. பையன் சேர்ந்துவிட்டான்.

அக்கா மட்டும் விசேஷ வீடுகளில் இன்னமும், "முப்பதாயிரம் சம்பளத்த விட்டுட்டு இருபதுக்குப் போறான், எல்லாம் என் தம்பி பண்ணுன வேலை" என்று சொல்லிக்கொண்டிருக்கிறது.