ஜன்னல் பிளைண்டுகளும் கடற்கரைக் காற்றும்: பல ஆண்டுப் பராமரிப்பு அனுபவம்

சென்னை திருவான்மியூரில், கடலிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டில் 2017 முதல் திரைச்சீலைக்குப் பதிலாகப் பொருத்தும் மூன்று வகை ஜன்னல் பிளைண்டுகள் பயன்பாட்டில் இருக்கின்றன. சமையலறையில் 25 மில்லிமீட்டர் அகலமுள்ள அலுமினியப் பட்டைகள் கிடைமட்டமாக அடுக்கிய வெனிஷியன் பிளைண்ட், கூடத்தில் பாலியஸ்டர் துணிப் பட்டைகள் செங்குத்தாகத் தொங்கும் வெர்டிகல் பிளைண்ட், படுக்கையறையில் வெளிச்சத்தை முழுவதுமாக மறைக்கும், மேலே சுருட்டி ஏற்றும் ரோலர் பிளைண்ட். வாங்கும்போது நிறத்தையும் உத்தரவாதத்தையும் பற்றி விரிவாகப் பேசும் கடைக்காரர்கள், அழுக்கேறிய பிறகு இவற்றை எப்படித் துடைப்பது என்பதைப் பற்றி ஏனோ வாய் திறப்பதில்லை. இந்த மூன்றையும் இத்தனை ஆண்டுகளாக வீட்டிலேயே சுத்தம் செய்து வருவதால், எந்த முறை நிலைத்தது, எது பட்டையையும் துணியையும் கெடுக்கக்கூடியது என்பதை எழுதி வைப்பது பலருக்கும் உதவும் என்று நம்புகிறேன்.

பிளைண்டில் படிவது ஒரே வகை அழுக்கு அன்று. தெருவிலிருந்து வரும் மண்தூசி ஒன்று. சமையலறையிலிருந்து எழும் எண்ணெய்ப் பிசுக்கு மற்றொன்று. தூசி உலர்ந்திருக்கும் வரை ஒரு துணிக்கே வந்துவிடும். அதன்மேல் தண்ணீர் பட்டுவிட்டால் சேறாகிப் பட்டையின் ஓரங்களிலும் நூல் நுழையும் துளைகளிலும் போய் அடைந்துகொள்ளும். எனவே எந்த வகைப் பிளைண்டாக இருந்தாலும், ஈரத் துணியை எடுப்பதற்கு முன் தூசியை உலர்ந்த நிலையிலேயே முழுவதுமாக நீக்கிவிட வேண்டும். இந்த ஒன்றைக் கடைப்பிடித்தாலே பாதி வேலை குறைந்துவிடும்.

வெனிஷியன் பிளைண்டைக் கீழே இறக்கி, பட்டைகளை ஒரு பக்கமாக மூடி, பெயின்ட் அடிக்கப் பயன்படும் இரண்டு அங்குலப் புதுப் பிரஷால் மேலிருந்து கீழாகத் தட்டி வர வேண்டும். பிறகு பட்டைகளை மறுபக்கமாகத் திருப்பி அதையே செய்ய வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, கீழே ஒரு பழைய போர்வையை விரித்துக்கொள்வது அவசியம். மென்மயிர் முனை பொருத்திய வாக்குவம் கிளீனர் இருந்தால் இன்னும் நல்லது, ஏனெனில் அது தூசியைக் காற்றில் பறக்கவிடாமல் உள்ளே இழுத்துக்கொள்கிறது. பூந்துடைப்பத்தால் வீசித் தட்டும் வழக்கத்தை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஜன்னலிலிருந்து கிளம்பும் தூசி சோபாவிலும் தலையணையிலும் போய் இறங்கும். வீட்டில் இழுப்பு நோய் உள்ளவர்கள் இருந்தால் அன்றிரவே அதன் விளைவு தெரியும்.

சமையலறைப் பிளைண்ட்தான் உண்மையான சோதனை. தாளிக்கும்போதும் பொரிக்கும்போதும் எழும் எண்ணெய் ஆவி பட்டையின்மேல் மெல்லிய படலமாகப் படிகிறது. காற்றிலுள்ள பிராணவாயுவோடும் வெப்பத்தோடும் சேர்ந்து நாளடைவில் அது கெட்டியாகி, விரல் வைத்தால் ஒட்டும் மஞ்சள் பசையாக மாறுகிறது. ஒரு பட்டையைத் திருப்பிப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும்: மேற்புறத்தில் சாம்பல் நிறத் தூசி, அடுப்பை நோக்கிய அடிப்புறத்தில் தேன் நிறப் பிசுக்கு, ஏணிபோல் பட்டைகளைத் தாங்கும் நூல் குறுக்கே செல்லும் இடத்தில் இரண்டும் கலந்து காய்ந்த கருங்கோடு. அந்தக் கோட்டைச் சுரண்ட முற்பட்டால் வண்ணப்பூச்சு உரியும்.

இதற்குப் பாத்திரம் தேய்க்கும் லிக்விட் ஒரு தேக்கரண்டி, கை பொறுக்கும் சூடுள்ள தண்ணீர் ஒரு லிட்டர் போதுமானது. பழைய பனியன் துணியை அதில் நனைத்து நன்றாகப் பிழிந்து, பட்டையை இரு விரல்களுக்கிடையே துணியோடு பிடித்து, நடுவிலிருந்து ஓரத்திற்கு இழுக்க வேண்டும். பிசுக்கு கெட்டியாக இருந்தால் முதலில் நனைத்துவிட்டுச் சில நிமிடங்கள் ஊறவிடுவதே முறை. அழுத்தித் தேய்ப்பது முறையன்று. அலுமினியப் பட்டை மிக மெல்லியது, ஒரு முறை மடிந்தால் அந்த மடிப்பு எக்காலத்திலும் நிமிராது. சோப்பு நீருக்குப் பிறகு வெறும் தண்ணீரில் நனைத்த துணி, அதன்பின் உலர்ந்த துணி என்று மூன்று சுற்று வந்தால்தான் பட்டை ஒட்டாமல் இருக்கும். சோப்பு எச்சம் தங்கிவிட்டால் அதுவே அடுத்த தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

சலவைச் சோடாவையும் பிளீச்சிங் பவுடர் கரைசலையும் அலுமினியத்தின் அருகிலேயே கொண்டுவரக் கூடாது. அலுமினியத்தைக் காக்கும் இயற்கையான ஆக்சைடு படலத்தைக் காரம் அரித்துவிடும்; கீறல் விழுந்த இடங்களில் முதலில் பூச்சு மங்கி, பிறகு வெண்பொடி பூக்கும். கம்பி நாரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கடைச் சரக்கு வேண்டாம் என்று நினைப்பவர்களுக்குப் பூந்திக்கொட்டை ஊறவைத்த நீர் நல்ல மாற்று. அதில் நுரைக்கும் தன்மை இயற்கையாகவே இருக்கிறது, காரத்தன்மை இல்லை. ஆனால் வெள்ளை நூலில் லேசான பழுப்பு ஏறும் என்பதால் வடிகட்டிய, நீர்த்த கரைசலை மட்டுமே பயன்படுத்துகிறேன்.

எங்கள் பகுதியில் தண்ணீரும் ஒரு பிரச்சினை. போர்வெல் உப்புத் தண்ணீரில் துடைத்துக் காற்றில் காயவிட்டால், ஒவ்வொரு துளியும் வெள்ளைப் புள்ளியாகத் தங்கிவிடும். கடைசிச் சுற்றுக்கு ஆர்ஓ இயந்திரத்திலிருந்து வரும் குடிநீரையோ பிடித்து வைத்த மழைநீரையோ பயன்படுத்துவது இதற்குத் தீர்வு. கடற்காற்றின் உப்பு அலுமினியப் பட்டையைவிட, பட்டைகளைத் தொங்கவிடும் மேல் பெட்டிக்குள் இருக்கும் இரும்புத் திருகுகளையும் பட்டையைத் திருப்பும் பல்சக்கரத் தண்டையும்தான் அதிகம் தாக்குகிறது. ஆகவே மேல் பெட்டியை உலர்ந்த பிரஷால் மட்டும் தட்டிவிட வேண்டும். முழுப் பிளைண்டையும் கழற்றிக் குளியலறையில் நனைத்துக் கழுவும் முறையைப் பலர் பாராட்டுகிறார்கள். கடற்கரையோர வீடுகளுக்கு அது ஏற்றதன்று, பெட்டிக்குள் புகுந்த தண்ணீர் எளிதில் வெளியேறுவதில்லை.

வெர்டிகல் பிளைண்டின் துணிப் பட்டைகளைக் கொக்கியிலிருந்து கழற்றுவதில் கவனம் தேவை. நேராக இழுத்தால் பிளாஸ்டிக் கொக்கி உடையும். பட்டையின் மேல்முனையைச் சற்றே சாய்த்து விடுவிக்க வேண்டும். கீழ்முனையில் உள்ள எடைத் தகடுகளையும் அவற்றை இணைக்கும் மணிச் சங்கிலியையும் முதலில் அகற்றிவிட்டு, பட்டைகளைத் தளர்வாகச் சுருட்டி, குளிர்ந்த சோப்பு நீரில் அரை மணி நேரம் அமிழ்த்தி, அலசி, முறுக்கிப் பிழியாமல் நிழலில் கொடியில் தொங்கவிட வேண்டும். சலவை இயந்திரத்தில் போட்டால் விறைப்பு போய்விடும். விறைப்பு போன பட்டை மறுபடி நேராகத் தொங்காது. இதைச் செய்ய அரை நாள் பிடிக்கும் என்றாலும், கூடத்தின் வெளிச்சம் உடனே தெளிவாகும்.

ரோலர் பிளைண்டில் செய்வதற்கு அதிகம் இல்லை. பின்புறப் பூச்சு மடிந்தால் வெடிக்கும் என்பதால் அதைக் கழற்றிக் கழுவ முடியாது. விரித்தபடியே துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே சுருட்ட வேண்டும். ஈரத்தோடு சுருட்டினால் கரும்பூஞ்சை பிடிக்கும். துணிக்குள் இறங்கிய பூஞ்சைக் கறை முழுவதுமாகப் போவதில்லை.

எப்போது செய்வது என்பதும் முக்கியம். ஆயுத பூஜைக்கு வீடு முழுவதும் கழுவுவது வழக்கம்தான், ஆனால் அதை ஒட்டியே வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடுவதால் அப்போது உலர்ந்த துடைப்போடு நிறுத்திக்கொள்கிறேன். ஈரம் படும் வேலைகளையெல்லாம் பொங்கலுக்குப் பிந்தைய வாரத்திற்கு ஒதுக்குகிறேன். வானம் தெளிந்திருக்கும், காற்றில் ஈரம் குறைந்திருக்கும், போகிப் புகையின் கரியும் அதோடு போய்விடும்.

வினைல் என்னும் பிளாஸ்டிக்கால் ஆன பட்டைகள் எங்கள் வீட்டில் இல்லை. இருப்பினும் பழைய வினைல் பிளைண்டை வைத்திருப்பவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். 1996இல் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம், இறக்குமதியான சில வினைல் மினி பிளைண்டுகளில் ஈயம் கலந்திருந்ததையும், வெயிலில் பிளாஸ்டிக் சிதையும்போது அந்த ஈயம் மேற்பரப்பில் தூசியாகப் படிவதையும் கண்டறிந்து எச்சரித்தது. ஆண்டு தெரியாத பழைய வினைல் பட்டை பொடியுதிர்க்கத் தொடங்கியிருந்தால், குழந்தைகள் உள்ள வீட்டில் அதைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொள்ளாமல் அகற்றிவிடுவதே சரி.

சமையலறைக்குப் புதிதாக வாங்குவோர் 25 மில்லிமீட்டர் பட்டைக்குப் பதிலாக 50 மில்லிமீட்டர் பட்டையைத் தேர்ந்தெடுக்கலாம். அதே ஜன்னலுக்குப் பட்டைகளின் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகும், துடைக்கும் நேரமும் அதற்கேற்பக் குறையும், இடைவெளியில் கையும் தாராளமாக நுழையும். எங்கள் சமையலறைப் பிளைண்டின் நூல்கள் இப்போது நைந்து வருகின்றன. மாற்றும்போது அதைத்தான் வாங்கப் போகிறோம்.