கிராண்டில் இருந்த ஆறு இலக்கங்கள்: பினாங்கில் அப்பாவின் பென்ஸைச் சோதித்த அனுபவம்

இரண்டு ஆண்டுகள் கழித்துத் தைப்பூசத்துக்காகப் பெர்த்திலிருந்து பினாங்குக்குப் போயிருந்தேன். பாயான் லெப்பாஸ் விமான நிலையத்துக்கு என்னை அழைத்துப் போக வந்த அப்பா, பெட்டியைக் காரில் ஏற்றுவதற்குள்ளேயே தம் மனக்குறையைச் சொல்லத் தொடங்கிவிட்டார். 2007இல் பதிவான அவருடைய மெர்சிடிஸ் ஈ280, காலையில் முதல் முறை கிளப்பும்போது முன்பக்கத்திலிருந்து கரகரவென்று சத்தம் எழுப்புகிறது. செபராங் பிறையில் உள்ள ஒரு பட்டறையில் காட்டியதற்கு, டைமிங் செயின் என்னும் எஞ்சினின் உட்சங்கிலி ஓடும் பழைய வகைப் பல்சக்கரம் தேய்ந்துவிட்டது, எஞ்சினை இறக்கித்தான் மாற்ற வேண்டும், 10,000 ரிங்கிட்டுக்கு மேல் ஆகும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அந்தப் பட்டறை சொன்னதில் பாதி உண்மை இருந்ததுதான் சிக்கல். இந்தக் காரில் இருப்பது எம்272 என்னும் ஆறு சிலிண்டர் வி வடிவ எஞ்சின். சிலிண்டர் வரிசைகள் இரண்டும் 90 பாகைக் கோணத்தில் அமைந்திருப்பதால் எழும் அதிர்வை அடக்க, பேலன்ஸ் ஷாஃப்ட் என்னும் சமனித் தண்டு ஒன்று உள்ளே சுழல்கிறது. டைமிங் செயின் அந்தத் தண்டின் பல்சக்கரத்தையும் சுற்றித்தான் ஓடுகிறது. தொடக்க காலத்தில் வந்த எஞ்சின்களில் இந்தச் சக்கரத்தின் பற்கள் காலத்துக்கு முன்பே தேய்ந்தன என்பது உலகறிந்த செய்தி. அமெரிக்காவில் உரிமையாளர்கள் கூட்டு வழக்கே தொடுத்தார்கள். பற்கள் தேயத் தேயச் செயின் தளர்ந்து, கேம்ஷாஃப்ட் திறக்க வேண்டிய வால்வுகளைப் பிந்தித் திறக்கிறது. எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிகிறது. சக்கரத்தின் விலை பெரிதன்று. அதை எட்டுவதற்கு எஞ்சினையே வெளியே எடுக்க வேண்டியிருப்பதுதான் செலவு.

ஆனால் எல்லா எம்272 எஞ்சினிலும் அந்தப் பழைய சக்கரம் இல்லை. எஞ்சின் எண் 272 என்று தொடங்கும். கடைசி ஆறு இலக்கங்கள் வரிசை எண். அந்த வரிசை எண் 468993 வரை உள்ளவை பழைய சக்கரத்துடன் வந்தவை, அதற்கு மேற்பட்டவை திருத்தப்பட்ட சக்கரத்துடன் ஆலையிலிருந்தே வந்தவை. எட்டு சிலிண்டர் எம்273க்கும் இதே போல் 088611 என்ற எல்லை உண்டு. அதில் பேலன்ஸ் ஷாஃப்டுக்குப் பதிலாக இடைச்சக்கரம் ஒன்றுதான் குற்றவாளி. இவ்வளவு தெளிவான எல்லை இருக்கும்போது, முதல் பட்டறையில் யாரும் எஞ்சின் எண்ணைக் கேட்கவே இல்லை என்று அப்பா சொன்னார். "2007 வண்டியா, அப்படியானால் பழசுதான்" என்று பதிவு ஆண்டை மட்டும் பார்த்து முடிவு கட்டியிருக்கிறார்கள். பதிவு ஆண்டு என்பது கார் சாலைக்கு வந்த நாளைச் சொல்லுமே தவிர, எஞ்சின் வார்க்கப்பட்ட நாளைச் சொல்லாது.

நண்பர் ஒருவர் ஜெலுத்தோங்கில் ஒரு சிறிய பட்டறையைச் சொன்னார். இரண்டு லிஃப்ட், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, மேசைமேல் முருகன் படம். அதற்கு மேல் அங்கே எதுவும் இல்லை. தைப்பூசத்துக்கு ஒரு வாரமே இருந்ததால் முன்பதிவு செய்தும் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம் என்பதை ஒரு குறையாகவே பதிவு செய்கிறேன். ஆனால் எங்கள் முறை வந்தவுடன் பட்டறை மெக்கானிக்கான போர்மேன் பானட்டைத் திறக்கவில்லை. "கிராண்ட் கொண்டு வந்தீங்களா, ஐயா?" என்று அப்பாவிடம் கேட்டார். கிராண்ட் என்னும் வாகன உரிமைப் பத்திரத்தில் எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் அச்சாகியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். அதை வைத்து ஒரு எஞ்சினின் உள்ளுறுப்பைக் கண்டுபிடிக்கலாம் என்பது அன்றுதான் உறைத்தது. அப்பா கொண்டு வந்திருந்த நகலில் வரிசை எண் 468993ஐ விடச் சில ஆயிரங்கள் கூடுதலாக இருந்தது.

நானாக இருந்தால் சோதனையை அத்துடன் முடித்திருப்பேன். போர்மேன் முடிக்கவில்லை. இது இரண்டாவது கையாக வாங்கிய கார் என்று அப்பா சொன்னதால், வழியில் யாரேனும், பழைய கார்களின் பாகங்களை விற்கும் அரைவெட்டுக் கடையிலிருந்து வேறு எஞ்சினை ஏற்றியிருக்கலாம் என்று அவர் சந்தேகப்பட்டார். உரிமை மாற்றத்தின்போது, வாகனச் சோதனை நிறுவனமான புஸ்பாகோமின் சோதனையில் எண்களைச் சரிபார்த்திருப்பார்கள் என்றாலும், அதற்குப் பின் நடந்ததை அந்தச் சோதனை அறியாது. ஆகவே விளக்கும் சிறு கண்ணாடியும் கொண்டு பிளாக்கில் பொறித்திருந்த எண்ணைப் படித்து, கைப்பேசியில் படமெடுத்து, கிராண்டோடு ஒப்பிட்டுக் காட்டினார். இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: இந்த எண் ஒரு பக்கமாக மட்டுமே சாட்சி சொல்லும். எல்லைக்கு மேல் இருந்தால் திருத்தப்பட்ட சக்கரம் என்று நம்பலாம். எல்லைக்குள் இருந்தாலோ, முந்தைய உரிமையாளர் ஏற்கெனவே மாற்றிவிட்டாரா என்பதை எண் சொல்லாது. உதிரிப்பாக எண் எழுதிய பழைய பில்லோ, சேசிஸ் எண்ணுக்குரிய சேவைப் பதிவோதான் சொல்லும். "எல்லாம் மாத்தியாச்சு" என்ற விற்பவரின் வாய்ச்சொல்லுக்கு நான் மதிப்பெண் கொடுப்பதில்லை.

பிறகு ஸ்கேனரைப் பொருத்தினார். கேம்ஷாஃப்ட் பிந்துவதைக் காட்டும் 1200, 1208 ஆகிய பிழைக் குறியீடுகள் இரண்டும் இல்லை. அப்பாவின் முகத்தில் இன்னும் ஐயம் மிச்சமிருந்ததைக் கண்டு, சிலிண்டர் தலைகளின் முன்புறம் இருந்த, கேம்ஷாஃப்டின் நிலையை உணரும் கேம் சென்சார்களைக் கழற்றி, எஞ்சினின் முதன்மைத் தண்டில் உள்ள கிராங்க் புல்லியை 305 என்ற குறி வரும் வரை கையால் திருப்பினார். அந்த நிலையில் சென்சார் துளைகளின் வழியே தெரியும் கேம்ஷாஃப்ட் சக்கரக் குறிகள் துளையின் நடுவில் நிற்க வேண்டும். தேய்ந்த எஞ்சினில் அவை ஒதுங்கி நிற்கும். அப்பா குனிந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு துளையாகப் பார்த்தார். குறிகள் நடுவில்தான் நின்றன.

கரகரச் சத்தம் வேறோர் இடத்திலிருந்து வந்தது: வெளியே பெல்ட் ஓடும் ஐட்லர் புல்லியின் பேரிங் வறண்டிருந்தது. பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சில நொடிகள் கிளப்பிக் காட்டியபோது சத்தம் இல்லை. புல்லி, பெல்ட், சோதனைக் கூலி எல்லாம் சேர்த்து 480 ரிங்கிட் ஆனது. சென்சார்களைச் சுற்றி எண்ணெய் கசிந்திருப்பதையும் காட்டினார். அது அவசரம் இல்லை, அடுத்த சர்வீசில் பார்க்கலாம் என்றார்.

பில் கேட்டபோது மட்டும் சற்றுத் தயங்கினார். அங்கே கியூஆர் காட்டிப் பணம் வாங்குவதோடு சரி. எஞ்சின் எண், 305 குறியில் கண்ட நிலை, குறியீடுகள் இல்லை என்ற செய்தி மூன்றையும் எழுதிக் கையெழுத்திட்டுத் தாருங்கள் என்று நான் வற்புறுத்தியதால், பில் புத்தகத்தில் மலாயில் நான்கு வரி எழுதிக் கொடுத்தார். அதை அப்பா வாங்கி, நான்காக மடித்து, அசல் கிராண்ட் இருக்கும் பீரோவில் அதன்கூடவே வைத்தார். மறுநாள் காலை தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் கிளம்பும்போது காரைச் சாவி திருப்பிக் கிளப்பிவிட்டு, கதவைத் திறந்து வைத்தபடியே ஒரு நிமிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.