பொண்ண மிலிட்டரி ஆபீசர் ஆக்கணும்னு கோயமுத்தூர்ல ஒரு எஸ்எஸ்பி கோச்சிங் சென்டருக்கு போனோம் – ஒரு அம்மாவோட ரிவியூ

காந்திபுரம் பக்கம் மாடில இருக்கற சென்டருங்க. எஸ்எஸ்பின்னா மிலிட்டரி ஆபீசர் வேலைக்கு ஆள் எடுக்கற செலக்சன் போர்டு, அவங்க நடத்தற தேர்வையும் அப்படித்தான் சொல்றாங்க. குறையும் சொல்லப் போறதால பேரு போடல. காலேஜ் படிக்கற புள்ள ஆர்மி, ஏர்ஃபோர்ஸ்னு பேச ஆரம்பிச்சிருந்தா எந்த ஊர் சென்டருக்குப் போறவங்களுக்கும் இது ஒதவும், கொஞ்சம் நீளமா இருக்கும் பொறுத்துக்கோங்க.

எங்க பொண்ணு பிஎஸ்சி பிசிக்ஸ் ரெண்டாவது வருஷம், என்சிசில ஆர்மி விங். சின்ன வயசுல இருந்தே ஃபைட்டர் பைலட் ஆகோணும்னு ஒத்தக்கால்ல நிக்கறா. சொந்தத்துல பெரியப்பா ஒருத்தர் ஹவில்தாரா ரிட்டயர்ட் ஆனவரு, ஆனா அவருக்கு தெரிஞ்சதெல்லாம் கிரவுண்டுல ஓட விட்டு ஆள் எடுக்கற செலக்சன்தான், ஆபீசர் எண்ட்ரி வேற ரூட்டுன்னு அவரே சொல்லிட்டாரு. யூட்யூப் பாத்தா சிடிஎஸ், ஆஃப்கேட், என்சிசி எண்ட்ரினு ஆளுக்கொரு ரூட்டு சொல்லி தலையே சுத்துது. அதனால அந்த சென்டர்ல ஆயிரம் ரூவா கட்டி தனியா ஒரு கவுன்சிலிங் எடுத்தோம்.

எடுத்தவரு ரிட்டயர்ட் ஆர்மி ஆபீசர். நாந்தான் வழக்கம்போல பேச ஆரம்பிச்சேன், "அம்மா நீங்க கொஞ்சம் இருங்க, பாப்பா சொல்லட்டும்"னுட்டாரு. அவ பைலட்னு சொன்னதும் வேற எதுவும் கேக்கல, செவுத்தோரமா நிக்கச் சொன்னாருங்க. அங்க ஸ்கேல் மாதிரி கோடு போட்டு 152, 162.5னு ரெண்டு எடத்துல சிவப்பு ஸ்கெட்ச்ல எழுதி வெச்சிருக்காங்க. ஃப்ளையிங் பிராஞ்சுக்கு கொறஞ்சது 162.5 சென்டிமீட்டர் வேணும், இவ 158. செருப்பக் கழட்டி மறுபடியும் நின்னா, மாறவா போகுது. மூஞ்சி செத்துப்போச்சு புள்ளைக்கு. அவரு சமாதானமெல்லாம் சொல்லல, தண்ணி பாட்டில நகத்தி வெச்சுட்டு அவளே பேசற வரைக்கும் சும்மா இருந்தாரு. எனக்குத்தான் பக்கத்துல உக்காந்துட்டு கை பரபரங்குது. ரெண்டு வருஷம் கோச்சிங்குக்கு காசக் கொட்டிட்டு அப்பறம் மெடிக்கல்ல இத தெரிஞ்சுக்கறதுக்கு இப்பவே தெரிஞ்சது எவ்வளவோ மேல். அந்த ஆயிரம் ரூவாய்க்கு அங்கயே பலன் கெடச்சுருச்சுங்க. கலர் விஷனும் இப்பவே கண் டாக்டர்கிட்ட பாத்துருங்கன்னாரு, அதுலயும் நெறைய பேரு கடைசில போய்த்தான் மாட்டறாங்களாம்.

அப்பறம் மிச்ச வழி எல்லாம் ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்தாரு. யுபிஎஸ்சி வருஷத்துக்கு ரெண்டு தடவ வெக்கற சிடிஎஸ் பரிட்சைல பொண்ணுங்களுக்கு சென்னை ஓடிஏ, அதாவது ஆர்மி ஆபீசர் ட்ரெயினிங் அகாடமி மட்டுந்தான், நம்ம பரங்கிமலைல இருக்கறது, 1992ல இருந்தே பொண்ணுங்களுக்கு அங்க ட்ரெயினிங் நடக்குது. அதுக்கு இங்கிலீஷும் ஜிகேவும் மட்டுந்தான், ஒவ்வொன்னுக்கும் 100 மார்க், கணக்கு பேப்பர் கெடையாது, தப்பா எழுதினா மூணுல ஒரு பங்கு மார்க் புடிப்பாங்க. பொண்ணுங்களுக்கு அப்ளிகேஷன் ஃபீஸும் இல்ல. ஆஃப்கேட் ஏர்ஃபோர்ஸே வெக்கற ஆபீசர் பரிட்சை, ரெண்டு மணி நேரத்துல 100 கேள்வி, 300 மார்க், இவளுக்கு அதுல அட்மின், லாஜிஸ்டிக்ஸ் மாதிரி கிரவுண்ட் டியூட்டிக்கு போட முடியும், அங்க 152 போதும். என்சிசி ஸ்பெஷல் எண்ட்ரிக்கு எழுத்துப் பரிட்சையே இல்ல, என்சிசில குடுக்கற சி சர்டிபிகேட்ல கொறஞ்சது பி கிரேடு, டிகிரில 50 பர்சன்ட், ஷார்ட்லிஸ்ட் ஆனா நேரா எஸ்எஸ்பி. கேக்க சுலபமா இருக்குதேன்னு நான் சிரிச்சேன், உடனே பொண்ணுங்களுக்கு அதுல சீட்டு ஒத்தைப்படைலதான் வருதுன்னு சொல்லி அந்த சிரிப்பயும் புடுங்கிட்டாரு. அதனால ஒரே வழிய நம்பாம மூணுக்கும் போடச் சொன்னாரு.

அவங்கப்பாவோட கேள்வி பூரா சம்பளம், பென்ஷன், கல்யாணம். ட்ரெயினிங்லயே மாசம் 56,100 ஸ்டைபெண்ட். ஷார்ட் சர்வீஸ்னா 10 வருஷம், வேணும்னா இன்னும் 4, அதோட வெளிய வந்தா பென்ஷன் இல்ல. ஆனா 2020ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்கு அப்பறம் பொண்ணுங்களும் பெர்மனன்ட் கமிஷனுக்கு, அதாவது ரிட்டயர்ட் ஆகற வரைக்கும் நிரந்தரமா இருக்கறதுக்கு, போட்டி போடலாம். ட்ரெயினிங் முடியற வரைக்கும் கல்யாணம் கூடாது, அது ரூல். "அப்ப மாப்பிள்ள பாக்கறத நிறுத்தலாமா"ன்னு இவ அப்பாவப் பாத்து கேட்டா, அந்த ரூம்ல அன்னிக்கி அவ சிரிச்சது அப்பத்தான்.

பக்கத்து வீட்டுப் பையன் சிப்பாய் மாதிரி வேலைக்கு எடுக்கற அக்னிவீர் போலாமான்னு நெனச்சுட்டு இருந்தான், அவனுக்காகவும் கேட்டு வெச்சேன். 4 வருஷம், அதுல அதிகபட்சம் 25 பர்சன்ட் பேரத்தான் நிரந்தரமா வெச்சுக்குவாங்க, மத்தவங்க சேவா நிதின்னு கடைசில மொத்தமா குடுக்கற பணம் சுமார் 11.71 லட்சத்தோட வெளிய வரணும். டிகிரி முடிக்கப் போற பையன் மொதல்ல ஆபீசர் பரிட்சைய எழுதிப் பாக்கட்டும்னாரு. எங்ககிட்ட பேசின மாதிரியே பொறுமையாத்தான் அதுக்கும் பதில் சொன்னாரு, நேரம் முடிஞ்சு போச்சுன்னு கடியாரத்தப் பாக்கல.

ஞாயித்துக்கெழம டெமோ கிளாஸுக்கு பெத்தவங்களையும் உள்ள விட்டாங்க. எஸ்எஸ்பி அஞ்சு நாள் நடக்கும், மொத நாள் ஸ்கிரீனிங்லயே நெறைய பேர வீட்டுக்கு அனுப்பிருவாங்க. நான் பாத்தது ரெண்டாவது நாள் வர்ற வேர்ட் அசோசியேஷன், 60 வார்த்தை, ஒவ்வொன்னுக்கும் 15 செகண்ட், மனசுல பட்டத எழுதணும். ஸ்கிரீன்ல 'ஃபெய்லியர்'னு வந்துச்சு. பாதி புள்ளைங்க 'ஃபெய்லியர் ஈஸ் தி ஸ்டெப்பிங் ஸ்டோன் டு சக்சஸ்'னு அச்சடிச்சாப்ல எழுதிருக்குதுங்க. சாரு எல்லாத்தயும் கோடு போட்டு அடிச்சாரு, இது ஸ்கூல் செவுத்துல எழுதினது, நீ எழுதினது எங்கன்னு கேட்டாரு. எங்க பொண்ணு 'ஐ மெஷர்ட் 158'னு எழுதி வெச்சிருக்கா, அத மட்டும் அடிக்கல. தமிழ் மீடியத்துல இருந்து வந்த புள்ளைங்க வட்டமா உக்காந்து இங்கிலீஷ்ல குரூப் டிஸ்கஷன் பண்றதும் நல்லாருந்துச்சு, இந்தப் பழக்கம் வீட்ல உக்காந்து புக்கு படிச்சா வராதுங்க.

குறைன்னா ஆபீஸ் ரூம்தான். கவுன்சிலிங் முடிஞ்சு கீழ வர்றதுக்குள்ள ஒரு பொண்ணு பேடோட நிக்குது, ரெண்டு வருஷ ஃபவுண்டேஷன் கோர்ஸ் 85,000, இன்னிக்கே கட்டினா டிஸ்கவுண்ட், நாளைக்கின்னா இல்லயாம். திருப்பித் தருவீங்களான்னு கேட்டா பேச்சையே மாத்துது. மாடில சாரு சொன்னதென்ன, எழுத்துப் பரிட்சைக்கு பழைய கொஸ்டின் பேப்பர் யுபிஎஸ்சி சைட்ல சும்மாவே கெடைக்குது, தெனம் பேப்பர் படி, எஸ்எஸ்பிக்கு கூப்புடற கால் லெட்டர் வந்தப்பறம் ரெண்டு வாரம் வந்தா போதும்னு. மாடில ஒன்னு கீழ ஒன்னுன்னா எதுங்க நம்பறது? நாங்க மாடிய நம்பினோம், கட்டல. அதுக்கப்பறம் தெனம் போன், கடைசில பிளாக் பண்ணிட்டேன். செவுத்துல 'நிச்சய செலக்சன்'னு பேனரு வேற. அஞ்சு நாள் கூடவே வெச்சு சைக்காலஜிஸ்ட், குரூப் டெஸ்ட் வெக்கற ஜிடிஓ, இன்டர்வியூ ஆபீசர்னு மூணு பேரு தனித்தனியா பாத்து எடை போடற எடத்துல எவன் நிச்சயம் குடுக்க முடியும், இவங்க என்ன போர்டுலயா உக்காந்துருக்காங்க? போர்டுன்னதும் ஞாபகம் வருது, நேவி செலக்சன் போர்டு ஒன்னு நம்ம ஊர்லயே ரெட்ஃபீல்ட்ஸ் பக்கம் ஐஎன்எஸ் அக்ரணில இருக்கு, எனக்கு இத்தன வருஷம் தெரியாது.

இப்ப அவ காலைல ஓடறா, சாயங்காலம் ஆஃப்கேட் பழைய பேப்பர், என்சிசி பரேடு எதையும் விடறதில்ல. ஃபைனல் இயர்ல சிடிஎஸும் ஆஃப்கேட்டும் போடுவா. கால் லெட்டர் வந்தா அந்த ரெண்டு வார கிளாஸுக்கு இதே சென்டருக்குத்தான் அனுப்புவேன்.

கவுன்சிலிங்குக்கு 5 ஸ்டார், கிளாஸுக்கு 4, ஆபீஸுக்கு 1 குடுக்கறதே அதிகம். போறவங்க பத்தாவது, பன்னெண்டாவது மார்க் ஷீட்டு, என்சிசி சர்டிபிகேட் இருந்தா அதையும் கொண்டு போங்க, கட்டற காசுக்கு பில்லு கேட்டு வாங்குங்க, பெத்தவங்க பேச்ச கொறச்சுக்கோங்க. வண்டி நிறுத்த எடமே கெடையாது, பஸ்ல போறது நல்லது.